சுக்கானின் கடைசிப் பத்து அங்குலம்

2026 பெப்ரவரி 10, செவ்வாய்.

இன்றைய பிழை: கலக்கும் குச்சியைத் தராசுத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கறுப்புப் பசையை எடை பார்த்தேன். தராசு நான்கு கிராம் காட்டியது. அதில் இரண்டு கிராம் குச்சியுடையது. கலவை 7 குப்பைக் கூடைக்குப் போனது. கலவை 8 திரும்ப நிறுத்துக் கலக்கப்பட்டது, சரி. மாதிரி எடுத்து வைத்தேன். குச்சியை இனி மேசையின் இடப்பக்கம் மட்டும் வைக்க வேண்டும்.

நிவேதனாவின் சின்னக் கொப்பியில் எல்லாப் பக்கமும் இப்படித்தான் தொடங்கும். முதலில் பிழை, பிறகு செய்த வேலை, கடைசியில் அடுத்த நாளுக்கான வேலை. பகலில் அவள் யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தாள். குழாயில் பெயர் மாறி ஒட்டுப்பட்டால் ஒருவருடைய சீனி வருத்தம் இன்னொருவருடைய வீட்டுக்குப் போய்விடும். ஐந்து வருடமாக அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் வேலை முடிந்து வெளியே வரும்போது, இன்றைக்குத்தான் நடந்திருக்குமோ என்று ஒரு தடவையாவது நின்று திரும்பிப் பார்ப்பாள்.

செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று தரம் அவள் அச்சுவேலிக்குப் போய் விமானம் கட்டினாள்.

அப்படிச் சொன்னால் உடுவிலில் சிரிப்பார்கள். அவளுடைய தகப்பன் நடராசாவே சிரித்தார். "பிளேன் கட்டிறாளாம். கட்டி முடிச்சு எங்கை இறக்கப் போறியள்? என்ரை வெங்காயப் பாத்திக்கையோ?"

விமானம் மகாதேவியினுடையது. மொன்றியலில் இருபத்திரண்டு வருடம் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தகடுகளை இணைக்கும் ரிவெற் ஆணி அடித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய மனுசி. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு சின்ன விமானத்தைப் பெட்டி பெட்டியாக இறக்கி, பழைய வெங்காயக் களஞ்சியம் ஒன்றில் வைத்திருந்தார். அலுமினியத் தகடுகள், விலா எலும்பு போன்ற வளைவுகள், பைபையாக ரிவெற்றுகள், தலையணைத் தடிப்பில் ஒரு வழிகாட்டிப் புத்தகம். கட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பதால் மாலை வகுப்பு ஒன்று தொடங்கினார். நான்கு பேர் சேர்ந்தார்கள். வால்தான் முதல் வேலை. மற்றச் சோடிக்குப் படுக்கை வால் கிடைத்தது. அவர்கள் வேறு நாட்களில் வந்தார்கள். நிவேதனாவுக்கும் றொசாந்திக்கும் நிமிர்ந்த வாலும் அதன் பின்னால் இடமும் வலமும் திரும்பும் சுக்கானும் கிடைத்தன.

"எங்கடை வள்ளத்துக்கும் சுக்கான், இதுக்கும் சுக்கான்," என்றாள் றொசாந்தி முதல் நாளே. "வித்தியாசம் என்னெண்டால், அது பழுதானால் நீந்தலாம்."

றொசாந்தி குருநகர்க்காரி. தகப்பன் செபமாலை கரையில் கொட்டில் போட்டு, பைபர் வள்ளங்களின் ஓட்டை உடைசலைத் திருத்துபவர். பதின்மூன்று வயதிலிருந்து அவளும் அந்தக் கொட்டிலில் நின்றாள். அவளுக்குக் கை ஓடும். ஒரு வரிசை ரிவெற்றை நிவேதனா பாதி அடிக்க முதல் அவள் மறுமுனையில் நின்று வியர்வை துடைப்பாள். வகுப்பு நாட்களில் மாலை நான்கு மணிக்குத் தன் ஸ்கூட்டரில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு வந்து நிவேதனாவை ஏற்றுவாள். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் தாண்டி அச்சுவேலி வரை கதை. அந்தக் கதைகளுக்கு நடுவில் நிவேதனா தன் கொப்பியை விரித்து, அன்றைய பிழையைக் காற்றில் கத்தி வாசிப்பாள். உலகத்தில் வேறொருவருக்கும் அவள் அதை வாசித்துக் காட்டியதில்லை.

"உதுகளையெல்லாம் எழுதி வைச்சு என்னடி செய்யப் போறாய்? கலியாணத்துக்குச் சீதனமாய்க் குடுக்கவோ?"

"திரும்ப விடாமல் இருக்கத்தான்."

"நான் ஒண்டும் எழுதிறேல்லை. அதாலை நான் ஒரு பிழையும் விட்டதில்லை, பார்."

மகாதேவி மிஸ்ஸிடம் ஒரு சட்டம் இருந்தது. களஞ்சியச் சுவரில் சங்கிலி போட்டுக் கட்டிய பெரிய பதிவுப் புத்தகம் ஒன்று தொங்கியது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கட்டம். ஒன்றில் 'செய்தது', மற்றதில் 'பார்த்தது'. செய்தவர் பார்த்தவராகக் கையெழுத்து வைக்கக் கூடாது. பிறகு கொழும்பிலிருந்து பரிசோதிக்க வருகிறவர் விமானத்தைத் தொட முதல் இந்தப் புத்தகத்தைத்தான் கேட்பார். "கண்ணாலை காணாத வேலைக்கு ஒருத்தரும் பேர் வைக்கக் கூடாது," என்று மிஸ் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். "மேலை போன பிறகு இறங்கி நிண்டு திருத்த ஏலாது."

இன்னொன்றும் சொல்லியிருந்தார். சித்திரையில் இறக்கைப் பெட்டிகள் வரும். அதற்கு ஒருவரை முழுநேரமாக வைத்துக்கொள்வார். ஒருவரை மட்டும்.

இரண்டு பேருக்கும் அந்த இடம் வேண்டும். நிவேதனாவுக்கு இரத்தக் குழாய்களிலிருந்து வெளியே வர வேண்டும். தான் கட்டிய ஒன்று நிலத்தைவிட்டு எழும்புவதை ஒரு நாளாவது பார்க்க வேண்டும். றொசாந்திக்குப் பிசின் மணத்திலிருந்தும், தமையனுக்குத்தான் கொட்டில் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் தகப்பனிடமிருந்தும் தப்ப வேண்டும். ஆருக்குக் கிடைத்தாலும் மற்றவர் முகத்தைத் தூக்கக் கூடாது என்று நீர்வேலிச் சந்தியில் ஸ்கூட்டரை நிறுத்தி, இளநீர் குடித்துக்கொண்டே ஒப்பந்தம் செய்தார்கள்.

"உனக்குத்தான் கிடைக்கும்," என்றாள் றொசாந்தி. "உனக்கு எழுத்து இருக்கு. எனக்குக் கை மட்டும்தான்."

அந்த பெப்ரவரி பத்தாம் திகதி மிஸ் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தார். களஞ்சியத்தில் இவர்கள் இருவர் மட்டும். வேலை, சுக்கானின் பின்விளிம்பை மூடுவது. இரண்டு பக்கத் தகடுகளும் விளிம்பில் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில், ஆப்பு மாதிரி ஒரு மெல்லிய பட்டியை நடுவில் வைத்து, பட்டியின் இரு பக்கமும் பசை பூசிச் சேர்க்க வேண்டும். பிறகு நேரான அலுமினியத் தடி ஒன்றோடு சேர்த்துக் கிளிப்புகளால் இறுக்கி, ஒரு கிழமை அசையாமல் விட வேண்டும். பசை கல்லாக இறுகிய பிறகுதான் ரிவெற். அப்போதுதான் விளிம்பு நூல் பிடித்ததுபோல் நேராக நிற்கும். நேராக இல்லாவிட்டால் சுக்கான் வானத்தில் நடுங்கும். நடுங்கத் தொடங்கிய சுக்கான் சில நொடியில் பிய்ந்துபோகும் என்று மிஸ் சொல்லியிருந்தார்.

பசை இரண்டு தகரத்தில் வரும். வெள்ளை பத்துப் பங்கு, கறுப்பு ஒரு பங்கு. கலந்தால் சாம்பல் நிறம், கூழ்முட்டை மணம். கறுப்புக் குறைந்தால் இறுகாது. ஆகவே கட்டாயம் தராசு. ஒவ்வொரு கலவைக்கும் இலக்கம் போட்டு, சின்னத் தகட்டுத் துண்டில் ஒரு பொட்டுப் பசையை மாதிரிக்கு எடுத்து வைப்பது நிவேதனாவின் ஏற்பாடு. இரத்த நிலையத்துப் பழக்கம். ஏழாவதில் குச்சிப் பிழை வந்தது. எட்டாவது சரியாக வந்தது.

றொசாந்தி மேலிருந்து கீழாகப் பூசிக்கொண்டு வந்தாள், நிவேதனா பட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இன்னும் பத்து அங்குலம் இருக்கும்போது வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். நடராசா அவளைக் கூட்டிப்போக வந்துவிட்டார். முன்விளக்குப் பழுது, இருட்ட முதல் உடுவிலுக்குப் போய்ச் சேரவேண்டும்.

"ஐஞ்சு நிமிசம் நில்லுங்கோ அப்பா."

"சூரியனட்டைச் சொல்லு பிள்ளை, நிக்கச் சொல்லி."

றொசாந்தி அவளுடைய கையிலிருந்து பட்டியின் முனையை வாங்கினாள். "நீ போ. பத்து அங்குலம். எங்கடை அப்பா வள்ளத்துக்குப் பூசிற அளவோடை பாத்தால் இது நாக்கு வழிக்கிற வேலை."

ஏழே காலுக்கு றொசாந்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். "முடிஞ்சுது. எட்டாலையே முழுக்கப் பூசி, கிளிப்பும் போட்டாச்சு. நிம்மதியாய்ச் சாப்பிடு."

வியாழக்கிழமை பதிவுப் புத்தகத்தில் அந்த வரியை நிவேதனா எழுதினாள். சுக்கான் பின்விளிம்பு, முழு நீளம், கலவை 8. செய்தது: றொசாந்தி. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் அவளுடைய பேனை நின்றது.

"என்ன யோசிக்கிறாய்?" என்றாள் றொசாந்தி.

"கடைசித் துண்டை நான் பாக்கேல்லை."

"நான் பாத்தனான். ஏன், என்ரை கண் உனக்குப் போதாதோ?"

ஒரு வருடமாக ஒரே ஸ்கூட்டரில் வந்தவள். கேட்பதே அவமானமாக இருந்தது. பார்த்தது: நிவேதனா. கையெழுத்து. அன்று சின்னக் கொப்பியில் இதை அவள் எழுதவில்லை. அது பிழை மாதிரித் தெரியவில்லை.

பதினேழாம் திகதி எட்டாவது கலவையின் மாதிரியை நகத்தால் குத்திப் பார்த்தாள். கல். கிளிப்புகளைக் கழற்றி ரிவெற் அடித்து முடித்தார்கள். றொசாந்தி சுக்கானைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு களஞ்சியத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

பத்தொன்பதாம் திகதி வியாழக்கிழமை மிஸ் நீண்ட உருக்கு அடிமட்டத்தை விளிம்பில் வைத்து, பின்னால் டோர்ச் பிடித்தார். மேலிருந்து வந்த கைகள் கீழ்முனைக்குக் கிட்ட நின்றன. அடிமட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அலை மாதிரி இரண்டு இடத்தில். மிஸ் நகத்தை விளிம்பில் வைத்து அழுத்தினார். சாம்பல் நிறப் பசை, வெண்ணெய் மாதிரி, நகத்தில் ஏறி வந்தது.

"இது இறுகேல்லை," என்றார். "ஒன்பது நாள். எப்பிடி இறுகாமல் இருக்கும்?"

 நிவேதனா தராசைப் பார்த்தாள். தானே எட்டைப் பிழையாக நிறுத்திருக்க வேண்டும், வேறென்ன. குச்சி திரும்பவும் தட்டில் கிடந்திருக்கும், மாதிரிக்கு எடுத்த பொட்டில் மட்டும் கறுப்பு கூடச் சேர்ந்து இறுகியிருக்கும். கண் பார்த்தும் மனம் பார்க்காமல் விட்டிருக்கும்.

"அண்டைக்கு நிவே கலவையிலை பிழை விட்டவ, மிஸ்," என்றாள் றொசாந்தி.

மெதுவாகத்தான் சொன்னாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்ல விருப்பமில்லாதவள் மாதிரி.

"எழுதியிருக்கிறீரோ?" என்று மிஸ் நிவேதனாவிடம் கேட்க, றொசாந்தி முந்தினாள்.

"பெரிய புத்தகத்திலை இல்லை. அவவின்ரை சின்னக் கொப்பியிலை. பேக்கிலை இருக்கும்."

மிஸ் கையை நீட்டினார். நிவேதனா எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே கொப்பி தன் கையைவிட்டுப் போவதை நம்ப முடியாமல் நின்றாள். மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்தாம் திகதிப் பக்கத்தைத் தேடினார். தேடும்போது மற்றப் பக்கங்களும் கண்ணில் பட்டன. இன்றைய பிழை: துளை 14 அரை மில்லிமீற்றர் பெரிது. இன்றைய பிழை: இடப்பக்க விலாவைத் தலைகீழாக வைத்தேன், றொசா கண்டாள். இன்றைய பிழை: கையுறை போடவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அதே இரண்டு சொல். இந்தக் கொப்பியில் மட்டும் முப்பத்தெட்டுப் பக்கம் இருந்தது.

"அது ஏழு, மிஸ்," என்றாள் நிவேதனா. "ஏழை நான் எறிஞ்சு போட்டன். பூசினது எட்டு."

"எட்டைச் சரியாய் நிறுத்தனீர் எண்டு நிச்சயமோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.  "அப்பிடித்தான் நினைக்கிறன்," என்றாள்.

மிஸ் கொப்பியை மூடித் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை. "கொஞ்ச நாளைக்கு நீர் தராசுப் பக்கம் போக வேண்டாம். இறக்கை விசயத்தையும் நான் யோசிக்கோணும்." பிறகு றொசாந்தியைப் பார்த்து, "நீர் பசைப் பெட்டியைப் பொறுப்பெடும்," என்றார்.

மிஸ் தொலைபேசியோடு வெளியே போனதும் றொசாந்தி கிட்ட வந்தாள். "கோவமோடி? மிஸ் கேட்டா, சொன்னன். பொய் சொல்ல ஏலுமோ?"

"இல்லை," என்றாள் நிவேதனா. உண்மையாகவே அது கோபமில்லை. கோபப்படுவதற்குத் தான் சரி என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை அவளிடம் இல்லை.

ஆனால் கை பழக்கத்தில் வேலை செய்தது. கீழ்முனையில் பிதுங்கி நின்ற பசையில் ஒரு அரிசிமணி அளவு குச்சியால் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, 'கீழ்முனை, 19' என்று எழுதி ஒட்டினாள். எட்டாவது கலவையின் மாதிரித் தகட்டையும் எடுத்துக் கைப்பையில் வைத்தாள். "எனக்கு இண்டைக்குப் பஸ் நல்லம்," என்று சொல்லிவிட்டுச் சந்திக்கு நடந்தாள்.

வெள்ளி காலை இரத்த நிலையத்தில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, இரண்டையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். எட்டாவது ஒரே சாம்பல். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி, மா அரைத்தது போல. கீழ்முனையில் எடுத்தது வேறு. வெளிறிய சாம்பலுக்குள் கறுப்பு நூல்கள் புழு மாதிரி நெளிந்து கிடந்தன. பாதி இறுகத் தொடங்கிய பசைக்குள் யாரோ பிறகு கறுப்பை விட்டு, அவசரமாக இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறார்கள். இது எட்டு இல்லை. நிறுத்துக் கலந்த ஒன்றுமே இல்லை.

அவளுக்குக் குருநகர்க் கொட்டில் நினைவுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூழ் குடிக்கப் போனபோது செபமாலை வேலையாக நின்றார். பிசின் வாளிக்குள் இறுகுமருந்தைப் போத்தல் மூடியால் ஊற்றினார். அளவில்லை. காற்றை முகர்ந்து பார்த்து, வெயிலை அண்ணாந்து பார்த்து, இன்னும் அரை மூடி விட்டார். "இறுகப் பிந்தினால் கொஞ்சம் கூட விடுறது, பிள்ளை. வள்ளம் பொறுக்கும்," என்றார். பிந்திய வாளியை அந்தக் கொட்டிலில் ஒருவரும் எறிவதில்லை. எறிவதை அவர்கள் பாவம் என்று நினைப்பார்கள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஓட்டோ பிடித்துக் குருநகர் போனாள்.

றொசாந்தி கவிழ்த்து வைத்த வள்ளம் ஒன்றின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் துணி, புருவமெல்லாம் வெள்ளைத் தூள். நிவேதனாவைக் கண்டதும் தேய்க்கும் மெசினை நிற்பாட்டினாள்.

"என்ன, வேலைக்குப் போகேல்லையோ?"

"கடைசிப் பத்து அங்குலத்துக்குக் கலவை ஏழைத்தானே பூசினனி."

றொசாந்தி துணியை இறக்கினாள். மறுக்கப் போகிறாள் என்று நிவேதனா எதிர்பார்த்தாள். மறுத்தால் நல்லது என்றுகூட மனதில் ஒரு மூலை நினைத்தது.

"எட்டு போதாமல் போச்சு," என்றாள் றொசாந்தி. "நான் மேலை கொஞ்சம் தடிப்பாய்ப் பூசிப் போட்டன். தகரத்திலை அடி தெரிஞ்சுது. அடுத்த பெட்டி வர ஒரு மாசம் எண்டு மிஸ் சொன்னவ. நீ எறிஞ்சது கூடையிலை சும்மா கிடந்தது. கறுப்பு ரெண்டு துளி விட்டுக் கலக்கினன். இறுகும் எண்டுதான் நினைச்சன். மாதாவாணை."

"பேந்து ஏன் எட்டு எண்டு சொன்னனி?"

"உனக்குச் சொன்னால் நீ எழுதுவாய்."

தூரத்தில் யாரோ வள்ளத்தை மணலில் இழுக்கும் சத்தம் கேட்டது. நிவேதனா வள்ளத்தில் படிந்திருந்த தூளை விரலால் வழித்தாள்.

"சரி. நேற்று ஏன் என்னைக் காட்டினனி?"

றொசாந்தி கவிழ்ந்த வள்ளத்தில் சாய்ந்துகொண்டாள்.  சொன்னபோது குரலில் கள்ளம் இல்லை. கணக்குத் தெளிவாகப் போட்டு முடித்தவளின் குரல்.

"என்ரை பேரிலை ஒரு பிழையும் இல்லை நிவே. ஒண்டு வந்தால் அது பெரிசாய்த் தெரியும். உன்னட்டை முப்பத்தெட்டு இருக்கு. முப்பத்தொன்பது எண்டால் என்ன? மிஸ் உன்னிலை கோவிக்கவும் இல்லையே. நீ கவனமான பிள்ளை எண்டு அவவுக்குத் தெரியும். ரெண்டு நாளிலை மறந்துபோவா."

"இறக்கை இடத்தை மறக்க மாட்டா."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நான் அதை உனக்கு மட்டும்தான் வாசிச்சுக் காட்டினனான், றொசா."

"கத்திக் கத்தி வாசிச்சாய். கோப்பாய்ச் சனம் எல்லாத்துக்கும் தெரியும்." சிரிக்க வைக்கப் பார்த்தாள். சிரிப்பு வராததைக் கண்டதும் அவளுடைய முகமும் மாறியது. "இப்ப என்ன, மிஸ்ஸட்டைப் போய்ச் சொல்லப் போறியோ? சொல்லு. ஆனால் புத்தகத்திலை பார்த்தது எண்டு ஆர் கையெழுத்து வைச்சது? பாக்காமல் பாத்தன் எண்டு எழுதினது நானோ? என்னைச் சொன்னால் உன்னையும் சொல்லோணும். பேசாமல் இரு. கீழ்முனைதானே, ரிவெற் இருக்கு, அது பிடிச்சுக்கொண்டு நிக்கும்."

"நடுங்கினால்?"

"வள்ளம் எவ்வளவு நடுங்குது. ஓடுதில்லையோ?"

 நிவேதனா திரும்பி நடந்தாள். தான் எத்தனை மாலை அந்த முதுகுக்குப் பின்னால் இருந்து வந்தாள் என்று எண்ணத் தொடங்கி, நூற்றுக்கு மேல் போனதும் விட்டுவிட்டாள். ஒவ்வொரு நாளும் அவள் வாசித்த பிழைகளை றொசாந்தி பகிடி பண்ணித்தான் கேட்டாள். ஆனால் ஒன்றுகூட மறக்காமல், தேவைப்படும் நாளில் எடுப்பதற்கு வைத்திருந்திருக்கிறாள். இரத்த நிலையத்தில் மத்தியானத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு குழாயின் பெயரையும் அவள் மூன்று தரம் வாசித்தாள். மூன்று தரமும் பெயர் சரியாக இருந்தது. கண்தான் பெயரில் நிற்கவில்லை.

பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்றும் யோசித்துப் பார்த்தாள். மிஸ் இரண்டு நாளில் மறந்தாலும் மறப்பார். இறக்கை இடம் திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கும். அந்த விளிம்பை மிஸ் திறக்கச் சொல்வார், ஆனால் முழு நீளமும் கெட்ட கலவை என்று நினைத்து முழுவதையும் பிரிக்கச் சொல்வார். நல்ல தகடு வீணாகும். இல்லாவிட்டால் மேலே இறுகியிருக்கிறது, கீழேயும் இறுகிவிடும் என்று விட்டுவிடுவார். எது நடந்தாலும் அந்த விமானத்தில் முதலில் ஏறப்போவது மிஸ்தான்.

மூன்றரை பஸ்ஸில் அச்சுவேலிக்குப் போனாள். மிஸ் தனியே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து படுக்கை வாலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு உமக்கு வகுப்பில்லையே."

"பெரிய புத்தகத்திலை ஒரு வரி மாத்தோணும், மிஸ்."

சங்கிலியோடு புத்தகத்தை இழுத்து விரித்தாள். பன்னிரண்டாம் திகதி வரியில் 'பார்த்தது: நிவேதனா' என்பதன் மேல் ஒரே ஒரு நேர்கோடு போட்டாள், கீழே இருப்பதை வாசிக்கக்கூடிய மாதிரி. பக்கத்தில் எழுதினாள்: கடைசிப் பத்து அங்குலம் பூசியபோது நான் இங்கே இருக்கவில்லை. பார்க்காமல் கையெழுத்து வைத்தேன். திகதி போட்டு, பெயரை முழுதாக எழுதினாள். 

மிஸ் எழும்பி வந்து வாசித்தார். "அப்ப பூசினது?"

"றொசாந்தி. எட்டு போதாமல் போனதாலை நான் எறிஞ்ச ஏழை எடுத்து, கறுப்பைக் கண்ணளவிலை விட்டுப் பூசியிருக்கிறா. இண்டைக்குப் பகல் போய்க் கேட்டன், சொன்னவ." கண்ணாடித் துண்டையும் தகட்டையும் மேசையில் வைத்தாள். "இது கீழ்முனை. இது எட்டு. மேலை முழுக்க எட்டுத்தான், அது நல்லாயிருக்கு. கீழ்முனையை மட்டும் திறந்தால் போதும்."

மிஸ் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். சத்தம் கேட்கவில்லை. மிஸ் கேள்வி கேட்பதும் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டு நிற்பதும் மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் களைப்பு.

"ஓமெண்டு ஒத்துக்கொண்டா," என்றார். "பசையிலை பிழை விடுறது எனக்குப் புதிசில்லை. மொன்றியலிலை நானும் கூடையிலை கிடந்ததை எடுத்திருப்பன், ஆரும் பாக்காட்டில். அதுக்குத்தான் மற்றக் கட்டம் இருக்கு. அந்தக் கட்டத்திலை நீர் பொய் எழுதினனீர்."

"ஓம் மிஸ்."

"அவ சொன்னதை நம்பியோ?"

"ஓம்."

"நம்பிக்கை மட்டும் எண்டால் ஒரு கட்டம் போதும். ரெண்டு கட்டம் கீறத் தேவையில்லை." மிஸ் புத்தகத்தை மூடினார். "இறக்கைக்கு ஆர் எண்டு இன்னும் முடிவில்லை. உங்கள் ரெண்டு பேரிலையும் இல்லை எண்டது முடிவு."

நிவேதனா தலையாட்டினாள். இந்தச் சொல்லுக்காகப் பஸ்ஸில் முழு வழியும் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் வந்தாள். ஆயத்தம் ஒன்றுக்கும் உதவவில்லை. 

"நாளைக்குக் காலமை வருவீரோ, இல்லையோ?" என்றார் மிஸ்.

"வருவன்."

"அவவும் வருவன் எண்டவ. ரெண்டு பேரும் சேர்ந்துதான் மூடினீங்கள், ரெண்டு பேரும் சேர்ந்து திறவுங்கோ. நான் பக்கத்திலை நிப்பன்."

அச்சுவேலிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசி அதிர்ந்தது. றொசாந்தியின் செய்தி. 'உன்னை ஒவ்வொரு நாளும் ஏத்தி இறக்கின எனக்கு இது வேணும்.' நிவேதனா அதை இரண்டு தரம் வாசித்தாள். யாரை யார் காட்டிக்கொடுத்தது என்று அவளுக்கு விளங்கப்படுத்தி ஒரு பதில் எழுதத் தொடங்கினாள். எழுதியது நீளமாகப் போயிற்று. பாதியில் அழித்தாள். திரும்ப எழுதினாள், 'நீ கேட்டிருந்தால் எட்டோடை ஒன்பதையும் நானே கலந்து தந்திருப்பன்' என்று. அதையும் அழித்தாள். இத்தனைக்குப் பிறகும், நாளைக்கு ஸ்கூட்டர் பஸ் நிலையத்துக்கு வருமோ என்று தன் மனம் ஒரு கணம் எதிர்பார்த்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

பஸ் வர இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. சந்தைப் பக்கச் சீமெந்துத் திட்டில் உட்கார்ந்து கொப்பியை விரித்தாள். பிழை ஏற்கெனவே பெரிய புத்தகத்தில் இருந்ததால் அந்த முதல் வரியை எழுதவில்லை.

2026 பெப்ரவரி 20, வெள்ளி.

பதிவுப் புத்தகம், பன்னிரண்டாம் திகதி வரி வெட்டித் திருத்தப்பட்டது. மிஸ்ஸிடம் சொன்னேன். இறக்கை வேலை இல்லை.

நாளை, சனி: காலை எட்டு மணி பஸ். சுக்கானின் கீழ்முனையிலிருந்து பன்னிரண்டு ரிவெற்றுகளைத் துளைத்து எடுப்பது. றொசாந்தி துளைப்பாள், நான் தகட்டைப் பிடிப்பேன். விளிம்பை மரத் துண்டால் திறந்து, பழைய பசையை மரக் குச்சியால் மட்டும் சுரண்ட வேண்டும், இரும்பு படக் கூடாது. இரண்டு பக்கமும் துடைத்த பிறகு மிஸ் பார்க்க வேண்டும்.